ஆபீஸ் தரும் வசதிகளை ஒன்றுவிடாமல் வாங்குவது எப்படி? நேரமில்லாதவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சம்பளம் மாதக் கடைசியில் தானாகக் கணக்கில் விழுந்துவிடும். மற்ற எதுவும் அப்படி வராது. மருத்துவக் காப்பீட்டில் பெயர் சேர்ப்பது, பி.எஃப். நாமினி, குழந்தைகள் காப்பகம், இரவு கேப், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை என எல்லாவற்றுக்கும் ஒரு படிவமோ ஒரு மெயிலோ ஒரு கடைசித் தேதியோ இருக்கும். விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பவருக்கும், ஓ.எம்.ஆரில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கும், தி. நகர் ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்பவருக்கும் அந்தத் தேதிகளைக் கவனிக்க எங்கே நேரம்? ஆனால் இவை யாரும் இரக்கப்பட்டுத் தருபவை அல்ல. உங்கள் உழைப்புக்கான விலையில் ஒரு பகுதி இவை. சில, சட்டமே உங்களுக்கு உறுதி செய்தவை.

ஒரு சனிக்கிழமை முற்பகலை இதற்கென்று ஒதுக்குங்கள். கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். அவசரத்தில் குடும்பத்தைக் காப்பாற்றுபவை முதலில் வருகின்றன. ஜிம், பரிசுக் கூப்பன் போன்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: காகிதங்களை ஒரே இடத்தில் சேருங்கள்

நியமனக் கடிதம், அதோடு வந்த சி.டி.சி. பட்டியல் (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவின் விவரம்), கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, மருத்துவக் காப்பீட்டுக் கையேடு, விடுமுறை விதிகள். இவற்றை மொபைலில் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். நியமனக் கடிதமே கொடுக்காத இடத்தில் வேலை செய்கிறீர்களா? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

பிறகு சம்பளச் சீட்டின் பிடித்தங்களை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பிடித்தம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் உங்களுக்கு ஒரு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று பிடித்தால் குடும்பத்துக்கே மருத்துவம் உண்டு. பி.எஃப். என்று பிடித்தால் சேமிப்போடு ஓய்வூதியமும் ஆயுள் காப்பீடும் சேர்ந்தே வருகின்றன. தொழிலாளர் நல நிதி என்று ஒரு சின்னத் தொகை பிடித்திருந்தால் அதற்கும் ஒரு வாரியம் இருக்கிறது. தொழில் வரி மட்டும்தான் உள்ளாட்சிக்குப் போகும் வரி. அதில் திரும்பக் கேட்க ஒன்றும் இல்லை.

எச்.ஆருக்கு ஒரே ஒரு மெயில் போடுங்கள். காப்பீட்டில் யார் யார் பெயர் இருக்கிறது, புதிதாகச் சேர்க்கும் வாய்ப்பு அடுத்து எப்போது, மீதமுள்ள விடுப்பில் எத்தனை நாள் அடுத்த ஆண்டுக்குப் போகும், கேப் அல்லது பஸ் கேட்கும் முறை என்ன, குழந்தைகள் காப்பகம் எங்கே இருக்கிறது. நேரில் கேட்டால் மறந்துவிடுவார்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும். பின்னால் ஏதாவது சிக்கல் என்றால் அந்தப் பதில்தான் உங்களுக்குத் துணை.

படி 2: மருத்துவக் காப்பீட்டை இன்றே சரிபாருங்கள்

கம்பெனி எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் பலரும் முதன்முறையாகத் திறந்து பார்க்கிறார்கள். அதற்கு முன்பே பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில் பெயர்கள். கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் அந்தப் பெயரைச் சேர்க்கக் குறிப்பிட்ட அவகாசம்தான் தருவார்கள். பல பாலிசிகளில் அது 30 நாள். தவறினால் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டா என்பதையும் பிரசவத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். ஆதாரில் ஒரு மாதிரியும் காப்பீட்டு அட்டையில் வேறு மாதிரியும் பெயரோ இனிஷியலோ இருந்தால் இப்போதே திருத்துங்கள். தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால் வருவதும் பின்னால் வருவதும் இந்த இடத்தில்தான் தொல்லை கொடுக்கும்.

இரண்டாவது, பெற்றோர். குழுக் காப்பீட்டின் பெரிய வரம் இதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள 65 வயது அப்பாவுக்குத் தனியாகக் காப்பீடு எடுக்கப் போனால் காத்திருப்புக் காலமும் பிரீமியமும் பயமுறுத்தும். பல குழுக் காப்பீடுகளில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. பெற்றோரைச் சேர்க்க உங்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் பணம் பிடிப்பார்கள் என்றாலும், என் பார்வையில் கம்பெனி தரும் வசதிகளில் முதலில் காசு கொடுத்து வாங்க வேண்டியது இதுதான். பெற்றோரா, மாமனார் மாமியாரா என்று ஒரு ஜோடியை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பாலிசிகளும் உண்டு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஆளுக்கொரு ஜோடியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, அறை வாடகை வரம்பு. பில் கையில் வரும்போது பலரை அதிர வைப்பது இதுதான். ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் என்று பாலிசி வரம்பு வைத்திருக்க, நீங்கள் 10,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் வித்தியாசம் 5,000 மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அந்த அறையோடு சேர்ந்து உயரும் டாக்டர் கட்டணம், நர்சிங், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் ஆகியவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக்கிவிடுவார்கள். அட்மிஷன் கவுன்டரில் "என் பாலிசிக்கு எந்த வகை அறை பொருந்தும்?" என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

காப்பீட்டு மின் அட்டையை டவுன்லோடு செய்து, வீட்டில் இன்னொருவர் மொபைலுக்கும் அனுப்பிவிடுங்கள். நீங்களே படுக்கையில் இருந்தால் அட்டையைத் தேடித் தரப் போவது அவர்தானே. வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம் என்று இரண்டு பெயரைக் குறித்து வையுங்கள். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே தகவல் சொல்லிவிடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் போட்ட விதிப்படி, பணமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் நேர இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டும். காத்திருப்பு நீண்டால் அந்த விதியை நினைவூட்டுங்கள்.

படி 3: இ.எஸ்.ஐ. உள்ளவரா? அதை இளக்காரமாகப் பார்க்காதீர்கள்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. வரும். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 16,000 ரூபாய் வாங்குபவருக்கு மாதம் 120 ரூபாய்தான் பிடிக்கிறார்கள். அந்த 120 ரூபாய்க்கு உங்களுக்கும், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம் கிடைக்கிறது. சென்னையில் கே.கே. நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன, அங்கே போவதற்கு முன் உங்கள் பகுதி டிஸ்பென்சரியில் பதிந்திருக்க வேண்டும்.

பலர் அறியாதது நோய்க்கால உதவி. டாக்டர் ஓய்வு எழுதிக்கொடுத்தால், சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரையிலான ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். நடுவில் சம்பளம் கூடி 21,000ஐத் தாண்டினாலும் அந்த ஆறு மாதம் முடியும்வரை இ.எஸ்.ஐ. தொடரும். அதனால் சம்பள உயர்வு வந்த மாதமே வெளியே காசு கொடுத்து வைத்தியம் பார்க்க ஓட வேண்டாம்.

குடும்பத்தாரின் ஆதார், போட்டோ எல்லாம் இணைத்து இ.எஸ்.ஐ. அடையாள அட்டையான பெஹ்சான் அட்டையை எடுத்து வையுங்கள். வேலைக்குச் சேர்ந்த வாரமே இதைச் செய்வது நல்லது.

படி 4: பி.எஃப்.பில் மூன்றே மூன்று வேலை

முதல் வேலை நாமினி. இன்று இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். உங்கள் யு.ஏ.என். எண்ணால் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) உறுப்பினர் தளத்தில் நுழைந்து, குடும்பத்தார் விவரமும் போட்டோவும் ஏற்றி, ஆதார் ஓ.டி.பி. மூலம் மின்கையெழுத்து போட வேண்டும். அந்தக் கடைசிக் கையெழுத்து இல்லாமல் விட்டால் பதிவு முழுமையாகாது. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருந்தீர்களானால், கல்யாணம் ஆனதும் அந்த நாமினேஷன் செல்லாது. புதிதாகப் போட வேண்டும். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால், பி.எஃப். பணத்தோடு சேர்த்து 7 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுத் தொகையும் குடும்பத்துக்கு வரும். இதற்கு ஊழியர் ஒரு பைசா கட்டுவதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். நாமினி போடாத குடும்பங்கள் துக்க வீட்டோடு வாரிசுச் சான்றிதழுக்கும் அலைகின்றன. பத்து நிமிட வேலையால் அந்த அலைச்சலை மிச்சப்படுத்தலாம்.

இரண்டாவது, பாஸ்புக். அரசின் உமங் செயலியில் பார்க்கலாம். பதிவான மொபைலிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் இருப்பு குறுஞ்செய்தியாக வரும். "என் பங்கு அதிகம், கம்பெனி பங்கு குறைவாக இருக்கிறதே" என்று கலங்க வேண்டாம். முதலாளியின் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. 15,000 ரூபாய் சம்பள வரம்பில் அது மாதம் 1,250 ரூபாய். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பிடித்த பணம் மாதாமாதம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா? இரண்டு மூன்று மாதம் காலியாக இருந்தால் உடனே கேளுங்கள்.

மூன்றாவது, பழைய கம்பெனிக் கணக்கை இப்போதைய கணக்கோடு சேர்ப்பது. ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். வேலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகளும் போய்விடும்.

படி 5: விடுப்பைக் கணக்குப் போட்டு எடுங்கள்

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பொருந்தும் 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், ஓராண்டு முடித்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு, 12 நாள் மருத்துவ விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு என்று அடிப்படை வகுத்திருக்கிறது. உங்கள் கம்பெனி இதைவிடக் கூடுதலாகத் தரலாம், குறைக்கக் கூடாது.

இதோடு, 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களும் ஐந்து பண்டிகை நாள்களும் சேர்ந்து ஒன்பது நாள் சம்பளத்துடன் விடுமுறை. பொங்கலன்று வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு இன்னொரு நாள் விடுமுறை. இரண்டில் எது என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாக்குப்பதிவு நாளும் சம்பளத்துடன் விடுமுறைதான்.

ஜனவரியிலேயே காலண்டரை விரித்து, பண்டிகையோடு சனி ஞாயிறு சேரும் இடங்களைக் குறித்து விண்ணப்பித்துவிடுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போக எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள். ரயில் டிக்கெட் முன்பதிவு திறக்கும் 60ஆவது நாளன்று விடுப்பும் கையில் இருந்தால் பயணமும் நிம்மதி.

படி 6: போக்குவரத்து

பெண்களை இரவில் வேலைக்கு வைத்தால் அவர்களின் சம்மதமும் பாதுகாப்பும் போக்குவரத்தும் நிறுவனத்தின் பொறுப்பு. சம்மதம் என்பது கட்டாயக் கையெழுத்து இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதில் அடக்கம். கேப்பில் முதலில் ஏறுபவரும் கடைசியில் இறங்குபவரும் தனியாக ஒரு பெண்ணாக இருக்கக் கூடாது என்று பல கம்பெனிகள் விதி வைத்திருக்கின்றன. உங்கள் வழித்தடம் அப்படி அமையவில்லை என்றால் போக்குவரத்துப் பிரிவில் மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது கேப்பில் கூட வர ஒரு செக்யூரிட்டியைக் கேளுங்கள். ஏறும் இடத்தை உங்கள் தெருமுனைக்கு மாற்ற வேண்டுமென்றாலும் ரோஸ்டர் போடுவதற்கு முன் சொன்னால்தான் நடக்கும்.

படி 7: உட்கார ஒரு நாற்காலி, சாப்பிட ஓர் இடம்

இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் பத்து மணி நேரம் நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் மிச்சம். கேரளம் 2018இல் வழிகாட்ட, தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தி, கடைகளிலும் நிறுவனங்களிலும் எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. நாற்காலி போட்டும் உட்கார விடாத கடை சட்டத்தை மீறுகிறது. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். அதுவும் நடக்காவிட்டால் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம்.

கேன்டீனைப் பொறுத்தவரை, 100 தொழிலாளர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் அது இருக்க வேண்டும் என்பது புதிய சட்டத் தொகுப்பின் வரம்பு. சாப்பாடு சரியில்லை என்றால் தேதி போட்டுப் புகார் புத்தகத்தில் எழுதுங்கள்.

படி 8: குழந்தை உள்ளவர்களுக்கு

பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைக்கும் 26 வாரம், அதற்குமேல் 12 வாரம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கும் 12 வாரம் உண்டு.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை தனியாக உண்டு. பெரிய நிறுவனங்கள் வெளியில் உள்ள காப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கும், ஆனால் அதை அறிவிப்புப் பலகையில் காண்பது அரிது. விடுப்பில் போகும் முன்பே கேட்டு, இடத்தை நேரில் பார்த்துவிடுங்கள். ஆபீஸிலிருந்து நடந்து போகும் தூரமா, குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்கள் அடிக்கடி மாறுகிறார்களா, தூங்க வைக்கும் அறை காற்றோட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டி துணைக்கு வர முடியாத வீடுகளில் தாய் வேலையைத் தொடர்வதும் விடுவதும் இந்த ஒரு வசதியைப் பொறுத்தே இருக்கிறது. அதனால் காப்பகம் இல்லாத இடத்தில், இதற்காக எச்.ஆரிடம் பேச ஆண் ஊழியர்களும் கூட வர வேண்டும்.

ஊர்விட்டு ஊர் வந்து தனியாகத் தங்கும் பெண்களுக்குத் தமிழக அரசின் 'தோழி' விடுதிகள் உண்டு. சென்னைப் பக்கம் தாம்பரம், கூடுவாஞ்சேரியில் இருக்கின்றன. வேலையில் இருப்பதற்கான சான்று கேட்பார்கள். அதை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: வரியோடு சேர்ந்த சலுகைகள்

ஏப்ரலில் பழைய வரிமுறையா புதியதா என்று கேட்பார்கள். விடுப்பில் ஊருக்குப் போய்வரக் கம்பெனி தரும் ஊர்ப்பயணப் படிக்கு (எல்.டி.ஏ.) வரிவிலக்கு பழைய முறையில்தான். நான்கு காலண்டர் ஆண்டுகள் கொண்ட தொகுதியில் இரண்டு பயணத்துக்கு இந்த விலக்கு கிடைக்கும். 2026 முதல் 2029 வரை இப்போதைய தொகுதி. புதிய முறையில் இருப்பவர்கள், கம்பெனி வழியாகத் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியுமா என்று கேளுங்கள். முதலாளி கட்டும் பங்கில், சம்பளத்தில் 14 சதவீதம் வரை வரிக்கழிவு உண்டு. மொபைல், இன்டர்நெட் பில்களை அந்தந்த மாதமே ஏற்றிவிடுங்கள். ஜனவரியில் ஒட்டுமொத்தமாகத் தேடினால் பாதி கிடைக்காது.

படி 10: டிசம்பர் சம்பளச் சீட்டில் வரும் அந்தச் சின்னப் பிடித்தம்

தமிழ்நாடு தொழிலாளர் நல நிதிக்கு ஆண்டுக்கு ஒரு முறை சிறு தொகை பிடிப்பார்கள். முதலாளியும் அரசும் தங்கள் பங்கைப் போடுகின்றன. இந்த வாரியம் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, திருமண உதவி, மூக்குக்கண்ணாடி வாங்க உதவி, இறந்தவர் குடும்பத்துக்கு உதவி எனத் தருகிறது. சம்பள வரம்பு உண்டு. அதற்குள் வருபவர்கள் தவறவிடவே கூடாது. பிள்ளையின் மதிப்பெண் பட்டியலும், படிக்கிறார் என்பதற்குப் பள்ளி அல்லது கல்லூரியின் சான்றும், நிறுவனத்தின் கையொப்பமும் தேவைப்படும். உங்கள் ஆபீஸின் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் இதைச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்த அவர்களிடம் இந்தத் தகவலைச் சொல்ல வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

படி 11: வேலையை விடும்போது

ராஜினாமா போடும் முன் சேவை ஆண்டைப் பாருங்கள். பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் நியமிக்கப்பட்டவர்களுக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி ஓராண்டு போதும். கணக்கு எளிது: கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, சேவை ஆண்டுகளால் பெருக்குங்கள். இரண்டும் சேர்ந்து 26,000 ரூபாய், ஆறு ஆண்டு சேவை என்றால் 90,000 ரூபாய். ஐந்தாம் ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கையில் கிளம்புவதாக இருந்தால் புது வேலையின் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டுப் பாருங்கள்.

கடைசி நாளோடு குழுக் காப்பீடும் நின்றுவிடும். பெற்றோருக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறும் வசதி உண்டு. நோட்டீஸ் காலத்திலேயே விண்ணப்பியுங்கள். வெளியே வந்தபின் கேட்டால் தாமதமாகிவிடும். பணி அனுபவச் சான்று, கடைசிச் சம்பளச் சீட்டு, சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்கான சான்று ஆகியவற்றைச் சொந்த மின்னஞ்சலுக்கு வாங்குங்கள்.

கடைசியாக, பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதியைக் கம்பெனி பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பணத்தை எடுப்பதிலும் கணக்கை மாற்றுவதிலும் சிக்கல் வரும். அவர்கள் பதியாமல் விட்டாலும், கடைசிப் பங்களிப்பு கட்டி இரண்டு மாதம் ஆனபின் உறுப்பினர் தளத்தில் நீங்களே அந்தத் தேதியைப் பதிந்துகொள்ளலாம்.